கதிரை யாருக்குப் போடுகிறார்கள் என்று பாருங்கள்

நீங்கள் கேட்டது இது: யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு கிராமம். படித்து முடித்த ஏழெட்டுப் பேர் சேர்ந்திருக்கிறீர்கள், அதில் ஒருவர் கனடாவிலிருந்து திரும்பி வந்தவர். ஊரில் பின்தங்கிப்போன குடும்பங்களுக்காக ஓர் அமைப்புத் தொடங்க வேண்டும். அதை எப்படிப் பதிவது, எந்த வேலையோடு தொடங்குவது, வெளிநாட்டிலுள்ள ஊரவர்கள் தருவதாகச் சொன்ன 20 இலட்சம் ரூபாயை எதில் போடுவது?

நான் முப்பது வருடத்துக்குக் கிட்ட இந்த வேலையில் இருக்கிறேன். கொஞ்சக் காலம் சம்பளத்துக்கு, கூடிய காலம் சும்மா. தொடங்கிய சங்கங்களில் பாதிக்கு மேல் படுத்துவிட்டன. ஆகவே வெற்றி பெற்றவன் சொல்கிற அறிவுரையாக இதை எடுக்க வேண்டாம்.

பதிவைப் பற்றிய பதில் சின்னது. உங்கள் கிராமத்தில் இப்போதே பிரதேச செயலகத்தோடு தொடர்புடைய கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் இருக்கும். பிரதேச சபையின் கீழ் ஒரு சனசமூக நிலையம், கமநல சேவை நிலையத்தோடு ஒரு கமக்காரர் அமைப்பு, ஒரு மரண உதவிச் சங்கம், கரையோரம் என்றால் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். அரச சார்பற்ற நிறுவனமாகப் பதிவதற்கு 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் படிவம் உண்டு, கேட்டால் தருவார்கள். ஆனால் முதல் வருடம் எதையும் பதிய வேண்டாம். பெயர்ப்பலகை இல்லாத சங்கம் அல்ல உங்கள் ஊரின் குறை. இருக்கிற ஆறு பலகைக்குப் பின்னாலும் அதே ஐந்து பேர் இருப்பதுதான் குறை. ஏழாவது பலகையில் உங்கள் எட்டுப் பேரின் பெயர் வரும், அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். "ஊரில் பின்தங்கிய குடும்பங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தக் குறிச்சி, அதாவது ஊரின் எந்தப் பகுதி என்று எழுதவில்லை. யாழ்ப்பாணத்தில் ஊர் என்பது ஒன்றல்ல என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், சொல்லத்தான் கூச்சம். கோவிலடியைச் சுற்றி ஒரு குறிச்சி, தோட்டங்களைத் தாண்டி ஒரு குறிச்சி, மயானத்துக்கோ உப்புத்தரைக்கோ கிட்ட இன்னொரு குறிச்சி. "ஊர்க் கூட்டம்" என்று அறிவித்தால் முதல் குறிச்சியில் இருந்துதான் ஆட்கள் வருவார்கள். மூன்றாவது குறிச்சிக்காரர் வந்தாலும் வாசலோடு நிற்பார்கள்.

ஒரு கூட்டம் நினைவுக்கு வருகிறது. போர் முடிந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். ஒரு வாசிகசாலையில் "மக்களின் தேவைகளைக் கண்டறிதல்". வந்திருந்த எங்களுக்குக் கதிரை. சங்கத் தலைவருக்கும் ஓய்வுபெற்ற அதிபருக்கும் கதிரை. கோவில் குறிச்சிப் பெண்களுக்கு வாங்கு. பின்னால் நிலத்தில் பதினைந்து பெண்கள், தோட்டக் கூலிக்குப் போய்விட்டு அப்படியே வந்தவர்கள். நிறையக் கதிரை சுவரோரம் அடுக்கியபடி இருந்தது. ஒருவரும் அவர்களை நிலத்தில் இருக்கச் சொல்லவில்லை. ஒருவரும் கதிரையை எடுத்துப் போடவும் இல்லை. நாங்கள் தேவைகளைக் கேட்டோம். கோவில் வீதிக்குத் தார், வாசிகசாலைக்கு மதில், விளையாட்டுக் கழகத்துக்கு மைதானம் என்று மூன்று வந்தன. பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அறிக்கையில் "மக்கள் பங்கேற்புடன் முன்னுரிமைகள் அடையாளம் காணப்பட்டன" என்று எழுதியவன் நான்தான்.

பிறகு அதே பெண்களில் ஒருவரின் வளவில், வேம்பின் கீழ், இரவு ஏழரைக்குக் கூடினோம். பின்னேரம் நாலு மணிக் கூட்டம் என்றால் அவர்களுக்கு அரை நாள் கூலி போகும், அதை அதுவரை நாங்கள் யோசிக்கவே இல்லை. அந்த வளவில் எல்லோருக்கும் பாய்தான். ஒன்றரை மணித்தியாலத்தில் பதினெட்டு விஷயம் வந்தது, மதில் பற்றி ஒரு சொல் இல்லை. மாரியில் ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதில்லை. கோடையில் தண்ணீர்ப் பவுசர் கோவில் சந்தியோடு திரும்பிவிடுகிறது. கிழமைக் கடன் அறவிட வருகிறவன் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறான். காணிக்கு உறுதிப் பத்திரம் இல்லை.

யாழ்ப்பாணத்தில் கதிரை சின்ன விஷயம் அல்ல. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை நிலத்தில் இருத்தி, மற்றப் பிள்ளைகளுக்கு வாங்கு போட்ட பள்ளிக்கூடங்கள் இங்கே இருந்தன. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது பெரிய எதிர்ப்புக் கிளம்பியது, சில பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. 1924இல் தொடங்கி ஹன்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் நடத்திய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், சாதி பாராமல் ஒன்றாக இருந்து சாப்பிடும் சம போசனத்தைத் தன் மாநாட்டில் நடத்தியது. நல்லவர்கள், துணிந்தவர்கள். ஆனால் அது படித்தவர்கள் மற்றவர்களுக்காகச் செய்தது. ஒடுக்கப்பட்டவர்கள் தாங்களாகவே கூடிய சங்கங்கள் வேறு. 1940களில் உருவான சிறுபான்மைத் தமிழர் மகாசபையும், அதில் முன்நின்று 1970இல் நியமன நாடாளுமன்ற உறுப்பினரான எம். சி. சுப்பிரமணியமும் அந்த வழியில் வந்தவர்கள். உங்கள் எட்டுப் பேரும் எந்த வழியில் போகப்போகிறீர்கள் என்பதை இப்போதே யோசிப்பது நல்லது.

கடையிலும் கோவிலிலும் சாதி சொல்லித் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் வந்துவிட்டது. வந்து ஒன்பது வருடம் தூங்கியது. தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குப் போத்திலிலும் தகரப் பேணியிலும்தான் தேநீர். 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஊர்வலம் புறப்பட்டது. என். சண்முகதாசனின் தலைமையிலிருந்த கம்யூனிஸ்ட் கட்சி ஒழுங்கு செய்தது, பொலிஸ் அடித்தது, அதையும் மீறி முற்றவெளியில் கூட்டம் நடந்தது. அடுத்த வருடம் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவானது. சங்கானை, சாவகச்சேரி, நெல்லியடி என்று தேநீர்க்கடைகளுக்குள் போய் இருந்தார்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில், உள்ளே விடும்படி கேட்டு நின்றார்கள். அங்கே வழிமறித்து நின்றவர்களுக்கு முன்னால் நின்றவர், கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த சி. சுந்தரலிங்கம். படிப்புக்கும் நியாயத்துக்கும் உள்ள தூரத்தை அளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் காலத்து ஆட்கள் சிலரோடு கதைத்திருக்கிறேன். ஊர்வலத்தைப் பற்றி ஐந்து நிமிடம் சொல்வார்கள். அதற்கு முன் குடிசை குடிசையாகப் போன இரவுகள், உள்ளே பிடித்துப் போட்டால் அந்த வீட்டுக்கு யார் அரிசி கொடுப்பது, யார் பிணை நிற்பது, கூலிக்கு வரவேண்டாம் என்று காணிக்காரர் சொன்னால் எங்கே வேலை தேடுவது, இவற்றைப் பற்றி ஒரு மணித்தியாலம் சொல்வார்கள். அமைப்புக் கட்டுதல் என்று நீங்கள் கேட்பது அந்த ஒரு மணித்தியாலத்தைத்தான்.

"அதெல்லாம் அந்தக் காலம், போர் எல்லாரையும் ஒன்றாக்கிவிட்டது" என்று உங்கள் ஊரில் ஒருவர் கட்டாயம் சொல்வார். 2018இல் வரணியில், ஒடுக்கப்பட்ட சாதியாரும் வடம் பிடிப்பார்கள் என்று, ஒரு கோவில் தேரை ஆட்கள் சேர்ந்து இழுக்காமல் மண் அள்ளும் இயந்திரத்தால் இழுத்ததாக வந்த செய்தியை அவர் மறந்திருப்பார். அதற்கு முதல் வருடம் புத்தூர் மேற்கில் கலைமதி கிராமத்து மக்கள், வீடுகளுக்கு நடுவே பிணம் எரிக்க வேண்டாம் என்று தொடர் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். மயானம் முதலில் வந்ததா, வீடு முதலில் வந்ததா என்று அப்போது பலர் கெட்டிக்காரத்தனமாகக் கேட்டார்கள். மயானத்துக்குப் பக்கத்தில் போய் ஏன் குடியிருக்க நேர்ந்தது, வேறு இடத்தில் அவர்களுக்கு யார் காணி விற்றிருப்பார்கள் என்று கேட்டவர் குறைவு.

காணிதான் இங்கே ஆணிவேர். போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள், வேலை முடிய முடியப் பகுதி பகுதியாக. நல்ல திட்டம். ஆனால் காணி தன்னுடையது என்று காட்ட ஏதாவது கடதாசி வேண்டும். தலைமுறையாக இன்னொருவர் வளவிலோ கோவில் காணியிலோ குடியிருந்தவருக்கு எந்தக் கடதாசி? ஆகக் கூடுதலாக வீடு தேவைப்பட்டவர்தான் முதலில் பட்டியலில் இருந்து விழுந்தார். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களிலும் இதே கதை. வேறு இடத்தில் காணி வாங்க முடிந்தவர்கள், வெளிநாட்டில் ஆள் இருந்தவர்கள் முகாமை விட்டுப் போய்விட்டார்கள். தறப்பாளுக்கும் தகரத்துக்கும் கீழே இருபத்தைந்து வருடம் தாண்டியும் கிடந்தவர்கள் யாரென்று பார்த்தால், இடம்பெயர முன்னரே சொந்தக் காணி இல்லாமல் இருந்தவர்களே அதிகம். 1990 ஒக்டோபர் கடைசியில் இரண்டு மணித்தியால அவகாசத்தில் துரத்தப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம்கள் திரும்பி வந்தபோதும் காணியும் பதிவும்தான் அவர்களை மறித்தன. உங்கள் கிராமத்தில் முஸ்லிம் குடும்பங்களோ மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களோ இருந்தால், கூட்டத்துக்கு அவர்களைச் சொன்னீர்களா என்று ஒருதரம் பாருங்கள்.

சரி, எந்த வேலையோடு தொடங்குவது? நீங்கள் தெரிவு செய்ய வேண்டாம். மூன்றாவது குறிச்சியில் ஐந்தாறு மாதம் போய் வாருங்கள். படிவத்தோடு போக வேண்டாம், படிவத்தைக் கண்டால் நிவாரணம் என்று நினைத்துப் பெயர் தருவார்கள், பிறகு ஏமாறுவார்கள். செத்த வீட்டுக்குப் போங்கள், சாமத்திய வீட்டுக்குச் சொன்னால் போய்ச் சாப்பிடுங்கள். சாப்பிடாமல் சோடா மட்டும் குடித்துவிட்டு வருகிற ஆட்களை அவர்களுக்கு நூறு வருடமாகத் தெரியும். அங்கே எல்லா வாயிலும் வருகிற ஒரு குறை இருக்கும். அது சின்னதாக இருக்க வேண்டும், ஒரு வருடத்துக்குள் தீர்க்கக் கூடியதாக இருக்க வேண்டும், கேட்பதற்கு ஒரு அலுவலகம் இருக்க வேண்டும். காணியோடு தொடங்காதீர்கள். அது ஆணிவேர் என்று நானே சொன்னேன், ஆனால் முதல் மாதத்திலேயே ஆணிவேரில் கோடரி போட்டால் கோடரிதான் உடையும்.

நாங்கள் ஒழுங்கையைத் தொட்டோம். அதைத் திருத்தித் தரும்படி ஏற்கனவே நாலு மகஜர் கொடுத்திருந்தார்கள். தேர்தலுக்குத் தேர்தல் ஒருவர் வந்து "பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். ஐந்தாவது மகஜர் எழுதாமல், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி உள்ளூராட்சி அலுவலகத்திடம் மூன்று கேள்வி கேட்டோம். கடந்த ஐந்து வருடத்தில் இந்த வட்டாரத்தில் எந்தெந்த வீதி திருத்தப்பட்டது? ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செலவு? எங்கள் ஒழுங்கை எத்தனையாவது முன்னுரிமை? இந்தச் சட்டம் நல்ல ஆயுதம், நம் ஊர்களில் போதியளவு எடுக்கப்படவில்லை. ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீட்டுக்கென்று அதே நிறுவனத்தில் குறிக்கப்பட்ட அலுவலரிடம் போகலாம், அதற்கும் மேலே கொழும்பில் ஆணைக்குழு இருக்கிறது.

பதில் வந்தது. கோவில் வீதி ஐந்து வருடத்தில் இரண்டு தரம் திருத்தப்பட்டிருந்தது. எங்கள் ஒழுங்கைக்கு முன்னுரிமை இலக்கமே இல்லை. ஏனென்றால் வீதிப் பட்டியலில் அப்படி ஓர் ஒழுங்கையே இல்லை. நாற்பது வீட்டுக்காரர் அறுபது வருடமாக நடந்த பாதை, கடதாசியில் கிடையாது. பட்டியலில் இல்லாத பாதைக்குச் சபை காசு செலவழிக்க முடியாது, அது சட்டப்படி சரியும்தான். நாலு மகஜர் கொடுத்தபோது இதை ஒருவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. பெண்கள் கிணற்றுக் கயிற்றால் ஒழுங்கையை அளந்தார்கள். எந்த வேலி எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று கொப்பியில் எழுதினார்கள். இரண்டு பக்கமும் காணி வைத்திருந்தவர்களிடம் சம்மதக் கடிதம் வாங்கப் போனார்கள். அதில் இருவர் கொழும்பில், ஒருவர் லண்டனில், ஒருவர் கோவில் நிர்வாகத்தில். அந்தக் கடைசி ஆளிடம் பதினோரு தரம் போக வேண்டியிருந்தது. முதல் தரம் படலைக்கு வெளியே நிறுத்திக் கதைத்தார். பதினோராவது தரம் பதினெட்டுப் பேர் போனார்கள். விறாந்தையில் இடம் போதவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டார். பட்டியலில் சேர்க்க இரண்டு வருடம் பிடித்தது. நாங்கள் படித்தவர்கள் செய்தது கடிதம் தட்டச்சுச் செய்ததும் பஸ் காசு கொடுத்ததும்தான். அலுவலகத்தில் கதைக்க வேண்டிய நேரத்தில் நாங்கள் வெளியே தேநீர் குடித்துக்கொண்டு இருந்தோம். வேண்டுமென்றுதான். முதல் தரம் அந்தப் பெண் தடுமாறினார், அலுவலர் சிரித்தார். மூன்றாம் தரம் அவரே சட்டத்தின் இலக்கத்தைச் சொன்னார்.

பாதை அபிவிருத்தியா, உரிமையா என்று சில நிறுவனங்கள் பிரித்துக் கேட்கும், அபிவிருத்திக்கு ஒரு நிதி, உரிமைக்கு வேறு நிதி. அந்தப் பெண்களிடம் கேட்டால் என்ன கேட்கிறாய் என்று பார்ப்பார்கள்.

இனிக் காசு. 20 இலட்சத்தை இப்போது வாங்காதீர்கள். தருகிறவர்கள் மனம் நோகும், தெரியும். ஆனால் காசு வந்த அன்றே சங்கத்தின் வேலை பங்கு பிரிப்பதாக மாறிவிடும். யாருக்குக் கோழிக்கூடு, யாருக்குத் தையல் இயந்திரம் என்ற சண்டையில் ஒழுங்கை மறந்துபோகும். அந்தக் குறிச்சிக்காரர் தாங்களே மாதம் 100 ரூபாய் சந்தா போடட்டும். சந்தாதான் கேள்வி கேட்கிற உரிமையைத் தருகிறது. இனாமாக வந்த காசுக்கு ஒருவரும் கணக்குக் கேட்பதில்லை.

இதைப் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் யாழ்ப்பாணத்தில் நூறு வருடப் பழக்கம். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராயிருந்த வீரசிங்கம் போன்றவர்கள் கட்டிய கூட்டுறவு இயக்கம் மூளாயில் ஒரு வைத்தியசாலையையே நடத்தியது. நகரத்தில் அவர் பெயரில் உள்ள மண்டபத்தில் கூட்டத்துக்குப் போகிற பலருக்கு அந்தப் பெயர் ஏன் என்று தெரியாது. 1972இல் கள்ளுத் தவறணைக் குத்தகை முறை போய், மரம் ஏறுகிறவர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தபோது, குத்தகைக்காரரிடம் கைகட்டி நின்றவர்கள் தங்கள் கள்ளைத் தாங்களே விற்கத் தொடங்கினார்கள். ஒரு சாதிச் சமூகத்தின் நிலையைப் பேச்சும் மேடையும் மாற்றியதைவிட இது கூட மாற்றியது என்று நான் சொல்வேன். இடதுசாரிக் கட்சியிலுள்ள என் நண்பர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கூட்டுறவு என்றால் பரிசுத்தம் என்று அர்த்தமில்லை. சங்கக்கடையில் சீனி ஒளித்த மனேச்சர்களையும் கண்டிருக்கிறேன். ஆனால் அது தளர்ந்த இடத்தில்தான் நுண்கடன் கம்பனிகள் புகுந்தன. போருக்குப் பிறகு கணவனை இழந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து கடன் எடுத்தார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், அதனால் அயலே அயலுக்குக் காவல். தெருவில் இறங்கிப் போராடிய பிறகு, 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. கடனை வெட்டுவது ஒன்று, அடுத்த கடன் எங்கிருந்து வரும் என்பது வேறொன்று. எங்கள் குறிச்சியில் பதினாறு பெண்கள் சீட்டுப் பிடிப்பதுபோலத் தொடங்கி, பிறகு கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்தார்கள். முதல் கடன் 5,000 ரூபாய், ஒரு ஆட்டுக்கு. உங்கள் 20 இலட்சத்துக்கு இடம் வருவது அங்கேதான். இரண்டு வருடம் சொந்தச் சந்தாவில் கணக்கு ஒழுங்காக ஓடிய பிறகு, சுழல்நிதியாக, அவர்கள் பொதுக்கூட்டம் கூடிக் கேட்டால்.

பொருளாளராக அந்தக் குறிச்சிப் பெண் ஒருவரையே போடுங்கள். படிப்புக் காணாது என்பார்கள். சீட்டுப் பிடித்த பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. தலைவர் பதவி இரண்டு வருடத்துக்கு மேல் ஒருவரிடம் இருக்கக் கூடாது என்று யாப்பில் எழுதுங்கள். போசகர் என்று ஒருவரும் வேண்டாம். போசகர் வைத்த சங்கத்தில் போசகருக்கு மாலை போடுவதற்கே கூட்டம் நடக்கும்.

உங்கள் வீடுகளுக்குள் சத்தம் வரும். "அவையளோடை உனக்கென்ன வேலை" என்று அம்மாவோ மாமாவோ கேட்பார். கனடாவிலிருந்து வந்தவருக்கு அது அதிர்ச்சியாக இருக்கும், மற்ற ஏழு பேருக்கும் இராது. எட்டுப் பேரில் எத்தனை பேர் அந்தக் குறிச்சியில் இருந்து வந்தவர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒருவரும் இல்லை என்றே நினைக்கிறேன், அப்படியென்றால் அமைப்பு இன்னும் தொடங்கவில்லை. ஆறு மாதத்தில் அங்கிருந்து ஐந்து பேர் வந்து, உங்களில் ஐந்து பேர் பின்வாங்கி நின்றால் நல்ல பாதையில் போகிறீர்கள்.

எங்கள் ஒழுங்கைக்குக் கிறவல் போட்டாயிற்று, மூன்று மின்விளக்கும் வந்தது. மதகு வரவில்லை. மதிப்பீடு போட்டு நாலு வருடம், ஒவ்வொரு வருடமும் "அடுத்த ஒதுக்கீட்டில்" என்று கடிதம் வருகிறது. மாரி தொடங்க முன் கொப்பியோடு திரும்பவும் போகப் போகிறார்கள். வர விரும்பினால் நீங்களும் வந்து பாருங்கள். இரவு ஏழரைக்கு, அதே வேம்படி.